பத்துமணியம்மாவின் மூடிய கைகள்

எங்கள் தெருவில் காலை பத்து மணிக்கு முன் பத்துமணியம்மாவிடம் பேசி மானத்தோடு திரும்பியவர் ஒருவர்கூட இல்லை. பால்காரர் சொம்பை நீட்டச் சொன்னால் அவருடைய ஏழு தலைமுறையும் தெருவுக்கு வரும். "ஏன், உனுக்குக் கை இல்லையா? நீயே எடுத்து ஊத்திட்டுப் போயேம்பா" என்பாள். கதவை முதுகால் தள்ளித் திறப்பாள்.

ஒருநாள் பெருமாள் கோயிலில் தீர்த்தம் கொடுத்த பட்டரிடம் கையை நீட்டாமல் வாயைத் திறந்தாள்.

"கையிலே வாங்கிக்கணும்மா."

"பெருமாள் எனுக்குப் பத்து மணிக்கு மேலதான் கை குடுக்கிறாரு சாமி. அவுரக் கேட்டுக்கினு வந்து சொல்லுங்க."

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் முஷ்டிகள் மூடியே இருந்தன. அதைக் கோபம் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

பத்து மணிக்கு மேல் அவள் வேறு ஆள். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தீர்ந்ததும் புதுப் பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாக முறுக்கி இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான பட்டிழை. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்தால் காஞ்சிபுரத்தில் ஈடு கிடையாது. அவள் வேலை செய்த நெசவாளர் சங்கத்துக்கு நான் காரியதரிசி. பி.ஏ. படித்தவன்.

ஒருநாள் டாக்டர் சீட்டோடு வந்தாள்.

"கை மூட்டுங்கள அரிக்கிற வாதமாம்பா. கைக்கு ஓய்வு குடுத்து, மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்றாரு. மூணு மாசம் லீவு எழுதிக் குடு."

ஆவணி முகூர்த்தச் சேலைகள் தறியில் நின்றன. "கையைப் பாத்துட்டு எழுதறேன்க்கா."

"காலையில வந்து பாரு. அப்பதான் கட்டை மாதிரி இருக்குது."

காலையில் போக எனக்குத் தைரியம் இல்லை. அந்த வாய்க்குப் பயந்து பிற்பகல் மூன்று மணிக்குப் போனேன். ஓர் இழை போட்டுக் காட்டச் சொன்னேன். கைத்திறன் உள்ளவளின் கர்வம். பத்து இழை போட்டுக் காட்டினாள். 'கைகளில் குறை ஏதும் காணவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

மூன்று வருஷத்தில் விரல்கள் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்துவிட்டன. கணுக்கள் புடைத்தன. பத்து மணி பன்னிரண்டாயிற்று. பிறகு கை திறக்கவே இல்லை. சங்கத்தில் வேறு ஆள் வைத்தோம். "திமிருக்குக் கெடச்சது" என்றது தெரு. அந்தத் தெருவை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதில் படித்தவன் என்று திரிந்த என்னை நினைத்தால் அதைவிட.

கடைசியில் நானே மெட்ராஸ் அழைத்துப்போனேன். பெரிய டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "மூட்டு போயிடுச்சு. இனி நிமிராது. அப்பவே வந்திருந்தா இவ்வளவு கோணியிருக்காது. காலையில இறுகி, மத்தியானம் இளகறதுதான் இந்த நோயே. மத்தியானம் பாத்து நல்லாருக்குன்னு எந்த மடையன் சொன்னான்?"

"நான்தான்" என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் ஆரம்பித்தாள். "காலையில வந்து பாத்திருந்தா என்னாபா? நானு கடிச்சா தின்னிருப்பேன்?"

"பயமா இருந்ததுக்கா."

"பயமாம். பி.ஏ.வாம். ஊரையே கட்டி மேய்க்கிறானாம்."

வாலாஜாபாத் வரை திட்டினாள். எனக்கு அது போதவில்லை. திட்டிக்கொண்டே தூங்கிப்போனாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் எதையும் பிடித்துக்கொள்ள முடியாத அந்தக் கைகள் சரிந்தன. எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். காஞ்சிபுரம் வரும்வரை நான் அசையவில்லை.