தூசி துடைத்த மெஷின்

"என்ன மாப்ள, ஸ்கிரீன் கறுப்பாவே இருக்கு?"

"யோசிக்குது மச்சான்."

"இருபது நிமிஷமாவா?"

எட்டு மாதம் வேலைக்குப் போகாமல், மாப்பிள்ளை தானே வரி வரியாகக் கட்டிய, கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் மென்பொருள் அதில் சொருகியிருந்த பென்டிரைவில் இருந்தது. எந்தக் கம்ப்யூட்டரில் சொருகினாலும் ஓடும் என்று ஊரெல்லாம் அளந்திருந்தான். வீட்டுக் கம்ப்யூட்டரைத் தவிர வேறெதிலும் சொருகிப் பார்த்ததில்லை.

"இன்னிக்கு வேற ஒரு மெஷின்ல ஓடுச்சுன்னா, நீங்க கம்ப்யூட்டர் வெச்சு அடைச்சிருக்கிற அந்த ரூம் உங்களுக்கு. ஓடலைன்னா உங்க மெஷின் வீட்ட விட்டுப் போயிடும்" என்று மனைவி காலையில் சொல்லி அனுப்பியிருந்தாள். நடுவர், அவள் அண்ணன். மைதானம், அண்ணனின் டைப்பிங் சென்டர்.

முதல் மெஷினில் லினக்ஸ் வீட்டு டிஸ்க்கைத் தேடி அழுதது. அதைத் திருத்துகிற அவசரத்தில், பென்டிரைவில் எழுத வேண்டியதை மச்சானின் டிஸ்க்கில் எழுதித் தொலைத்தான். அதற்குப் பிறகு அந்த மெஷின் எதற்குமே எழவில்லை.

"அதுலதானே பரீட்சை லிஸ்ட் இருக்கு?"

"லிஸ்ட் பத்திரமா இருக்கு மச்சான். திறக்கத்தான் முடியாது."

இரண்டாவதில் திரை முழுக்கக் கோடு. அந்த வகை டிஸ்ப்ளே கார்டை இயக்கும் டிரைவர் புரோகிராமை, வெட்டிக் கொழுப்பு என்று அவனேதான் கழித்துக் கட்டியிருந்தான். மூன்றாவது மெஷினின் கார்டைப் பிடுங்கி இதில் மாட்டினான். 'டப்' என்றது. கருகிய வாடை வந்தது.

மச்சான் மூக்கைப் பொத்திக்கொண்டார். "மாப்ள, உங்களுது ஓடுதான்னு பாக்க வந்தீங்களா, என்னுது ஓடக் கூடாதுன்னு வந்தீங்களா?"

டைப்பிங் டீச்சருக்குப் பாவமாக இருந்தது. "உள் ரூம்ல ஒண்ணு இருக்கு சார்."

பளபளவென்று இருந்தது. சொருகினான். பதினோரே நொடி. படம் வந்தது, சத்தம் வந்தது, நெட்டும் வந்தது.

"பாத்தீங்களா மச்சான்? அந்த மூணும் ஓட்டை டப்பா. மெஷின்னா இப்படி இருக்கணும்." உடனே மனைவிக்குப் போன் போட்டான். "வேற மெஷின்ல ஓடிடுச்சு. ரூம் எனக்கு."

அவள் சிரித்தாள். ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

மச்சான் மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நான் இத வாங்கவே இல்லையே டீச்சர்?"

"இந்த சாரோடதுதான். சார் வீட்ட விட்டுக் கிளம்பின கையோட அக்கா ஆட்டோல ஏத்தி அனுப்பிட்டாங்க. தூசியத் துடைக்கவே எனக்கு ஒரு மணி நேரமாச்சு."