மச்சினன் சுயசரிதைக்கு நான் ஆற்றிய உரை

ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. அரியலூர்ல பஸ் ஏறி பெரம்பலூர் போகணும். மச்சினன் எழுதின புத்தகத்தைப் பத்தி மேடையில பத்து நிமிஷம் பேசணும். பிரியாணி சாப்பிட்டுட்டுத் திரும்பணும்.

மச்சினன் செந்தில் சாதாரண ஆளு இல்ல. வெளிமாநில கிளப்புங்கள்ல சம்பளம் வாங்கிக்கிட்டு ஃபுட்பால் ஆடினவன். முட்டி போனதும் ஊருக்கு வந்து சுயசரிதை எழுதிட்டான். நம்ம ஆளுங்க முட்டி போனா எண்ணெய் தேய்ப்பாங்க, இவன் புத்தகம் போட்டான்.

என்னை ஏன் பேசக் கூப்பிட்டாங்கன்னு கேக்குறீங்களா? குடும்பத்துலயே ஃபேஸ்புக்ல நீளமா எழுதுற பெருமை எனக்குத்தான் இருக்கு.

"மாமா, முழுசாப் படிச்சிட்டீங்கள்ல?"ன்னு செந்தில் போன் பண்ணான்.

"என்னப்பா இப்படிக் கேட்டுட்ட! வரிக்கு வரி படிச்சாச்சு!"

அட்டையைப் படிச்சிருந்தேன். அதுவும் முன்னட்டை மட்டும்.

ஆனா நான் ஒண்ணும் தெரியாதவன் இல்லீங்க! லைப்ரரியில வெளிநாட்டு ஆட்டக்காரங்க சுயசரிதை மூணு படிச்சிருக்கேன். மூணும் ஒரே கதை. சின்ன வயசுல பட்டினி. அம்மா நகையை அடகு வச்சு ஷூ வாங்கித் தருவாங்க. பேரு வந்ததும் குடி. அப்புறம் திருந்தி, கண்ணீரோட கடைசி கோல். இதை வச்சு அரை நாள் பேசலாமேன்னு பஸ்ல நிம்மதியாத் தூங்கிட்டேன்.

மண்டபத்துல நல்ல கூட்டம். ரெண்டாவது வரிசையில உடையார்பாளையத்துல இருந்து ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்திருந்துச்சு. முந்திரித் தோப்புக்காரங்க. செந்திலுக்குப் பொண்ணு குடுக்கலாமான்னு பாக்க வந்திருக்காங்க. கல்யாணப் பேச்சை எடுக்குறதுக்கு முன்னாடி பையனைப் பத்தி நாலு பேர்கிட்ட விசாரிக்கிறது நம்ம பக்கத்து வழக்கம். மாமனார் வூட்ல ஒரு படி மேல போய், விசாரிக்கிறதுக்கு மேடையே போட்டுக் குடுத்துட்டாங்க. இது மைக் செட்காரர் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. சொன்னா உளறிடுவேனாம்!

பொன்னாடை போத்தினாங்க. மைக்கைப் பிடிச்சேன்.

"பட்டினியில வளர்ந்த பிள்ளை இவர்!"

முன்வரிசையில மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தாரு. செட்டிகுளத்துல அவருக்கு வெங்காயம் சேத்து வைக்கிற பட்டறையே மூணு இருக்கு.

"ஒருவேளைக் கஞ்சிக்கு வழியில்லாத குடும்பம்!"

"யாரு வூட்டச் சொல்றாரு?"ன்னு பக்கத்துல இருந்தவரைக் கேட்டாரு மாமனார்.

"ஷூ வாங்குறதுக்காக இவங்கம்மா கழுத்துச் சங்கிலியை அடகு வச்சாங்க!"

மாமியார் சங்கிலியை வெளிய எடுத்து, எல்லாருக்கும் தெரியுற மாதிரி சேலைக்கு மேல போட்டுக்கிட்டாங்க. செந்தில் விடாம இருமினான். பையன் உணர்ச்சிவசப்பட்டுட்டான்னு நினைச்சு இன்னும் குரலை உசத்தினேன்.

"அடுத்துதான் அந்த இருண்ட அத்தியாயம்! புகழ் வந்துச்சு, கூடவே பாட்டிலும் வந்துச்சு. ராத்திரி பகல் தெரியாமக் கெடந்தாரு. அதை மறைக்காம எழுதினாரு பாருங்க, அதுக்கு ஒரு கைதட்டல் குடுங்க!"

ஒருத்தரும் தட்டல.

ரெண்டாவது வரிசையில ஒரு பெரியவர் எழுந்தாரு. பொண்ணோட அப்பா.

"சார், அது எத்தனாவது பக்கத்துலங்க இருக்கு? கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க."

புரட்டினேன். வெங்காயம் வருது, ஹாஸ்டல் வருது, முட்டி ஆபரேஷன் வருது. பாட்டிலைக் காணோம்! தேடித் தேடி ஒண்ணு கெடைச்சுது. அது குளுக்கோஸ் பாட்டில்.

செந்தில் முகம் செத்துப்போச்சு. ஒரு பையன் பேரை மைக்குல கெடுத்துட்டோமேன்னு புத்தகத்தை மூடி வச்சேன்.

அப்பதான் என் பொண்டாட்டி தேவி எழுந்தா. தெய்வம் மாதிரி வந்து காப்பாத்தப் போறான்னு நினைச்சேன்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. என் தம்பி ஒரு சொட்டு தொட்டதில்ல. இவருதான் காலையிலயே கொஞ்சம் போட்டுட்டு வந்துட்டாரு."

"அதான பாத்தேன்!"ன்னு மண்டபமே மூச்சு விட்டுச்சு.

நான் இருமல் மருந்தையே பயந்து பயந்து குடிக்கிறவன்! மறுத்துப் பேச வாயைத் திறந்தேன். தேவி ஒரு பார்வை பாத்தா. செந்தில் கையெடுத்துக் கும்பிட்டான். சரின்னு மேடைப் படியில இறங்கும்போது லேசாத் தள்ளாடினேன். நல்லாவே வந்துச்சு! ரெண்டு பேரு தாங்கிப் பிடிச்சு, மோரு குடுத்து, ஃபேனுக்குக் கீழ படுக்க வச்சாங்க. பிரியாணியைக் கண்ணுலயே காட்டல.

பெரியவர் என்னை எட்டிப் பாத்துட்டு மாமனார்கிட்ட சொன்னது காதுல விழுந்துச்சு.

"இப்படிப்பட்ட ஆளை வச்சுக்கிட்டும் உங்க பொண்ணு எம்புட்டுப் பொறுமையாக் குடும்பம் நடத்துது! நல்ல வளர்ப்புங்க. இந்த வூட்டுக்கு நம்பிப் பொண்ணு குடுக்கலாம்."

தை மாசம் கல்யாணம். நேத்து பொண்ணோட தாய்மாமன் போன் பண்ணாரு.

"அண்ணே, கூச்சப்படாதீங்க. மண்டபத்துக்குப் பின்னாடி ரூம்ல உங்களுக்குன்னு தனியா ஏற்பாடு பண்ணிட்டேன். எந்த பிராண்டுன்னு மட்டும் சொல்லுங்க."

எனக்கு ஒரு பிராண்டும் தெரியாது; பாட்டில் லேபிளையாவது முழுசாப் படிச்சுட்டுத்தான் பதில் சொல்லணும்.