கம்ப்ரசர் வெச்சு ஊதின கிளாரினெட்

ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைங்க. கிளாரினெட்டைத் தொடைச்சு வைக்கோணும். அவ்வளவேதான்.

சாயந்திரம் பொழுதோட என்ற தங்கச்சி கவிதாவுக்கு ரிசப்ஷன். பொண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள்ள நடந்து வர்றப்ப நான் ஒரு பாட்டு வாசிக்கறதா ஏற்பாடு.

"அண்ணா, பேண்டு செட்டு வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். நீ வாசிச்சாத்தான் நான் உள்ளயே வருவேன்"னு ஒத்தக்கால்ல நின்னா. எனக்குப் பெருமை தாங்கல. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க ஒருத்தரு பாக்கியில்லாம சொல்லி வெச்சுட்டேன்.

நான் கோயமுத்தூர் கணபதில ஊட்டுக்குப் பக்கத்துலயே மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வெச்சிருக்கறவன். கிளாரினெட் கத்துக்கிட்டது போத்தனூர்ல ஒரு மாஸ்டர்கிட்ட. அவரு மொத நாளே சொன்னாரு: "தம்பி, வாசிச்சு முடிச்சா உள்ள ஈரம் நிக்குமுங்க. மெல்லிசு துணிய நூல்ல கட்டி உட்டு, இக்கட்ட இருந்து அக்கட்ட இழுத்துப்போடுங்க."

துணியும் அவரே குடுத்தாரு. அன்னைக்குன்னு பார்த்து அதைக் காணோம்.

"அந்தப் பட்டுத்துணியா? கண்ணாடி தொடைக்க நெம்ப நல்லா இருந்துச்சுங்க. தொவைச்சுப் போட்டிருக்கேன், இன்னும் காயல"ன்னு சமையக்கட்டுல இருந்து என்ற சம்சாரம் சுமதி சொல்றா.

சரி, போகுது. நம்ம பட்டறைல இல்லாத துணியா? பனியன் வேஸ்ட்டு மூட்டையா கெடக்குது. திருப்பூர்ல பனியன் தைச்சு மிச்சம் விழுகற துணி. கோயமுத்தூர்ல கிரீஸ் கையத் தொடைக்கறதும் அதுலதான், லேத்தைத் தொடைக்கறதும் அதுலதான். கிளாரினெட்டு மட்டும் என்ன பெரிய கவர்னரா?

மெல்லிசுத் துணின்னு மாஸ்டர் சொன்னது ஞாபகம் இருந்துச்சு. தடியா இருந்தா இன்னும் நல்லாத் தொடைக்குமேன்னு ஒரு பனியன் கையை முழுசா மடிச்சுக் கட்டி இழுத்தேன். பாதி தூரம் ஜம்முனு வந்துச்சு. அப்பறம் நின்னுபோச்சு.

இன்னும் கொஞ்சம் பலமா இழுத்தேன். நூலு மட்டும் கையோட வந்துருச்சு!

மாஸ்டருக்குப் போன் போட்டேன்.

"பயப்படாதீங்க தம்பி. இழுக்காதீங்க, கம்பி உட்டுக் குத்தாதீங்க. அப்படியே போத்தனூருக்குக் கொண்டாங்க, எடுத்துக்கலாம்."

"முகூர்த்த நாளுங்க மாஸ்டர், ரோடு பூரா டிராபிக்கு. நான் காந்திபுரம் தாண்டறதுக்குள்ள ரிசப்ஷனே முடிஞ்சிரும்!"

போனை வெச்சுட்டுத் திரும்பினேன். மூலைல பட்டறைக் கம்ப்ரசர் நிக்குது.

என்ற பார்வை போற எடத்தைச் சுமதி பார்த்துட்டா. "ஏனுங்க, வேண்டாமுங்க."

"இழுக்கக்கூடாதுன்னாரு, குத்தக்கூடாதுன்னாரு. ஊதக்கூடாதுன்னு சொன்னாரா? அட வாத்தியமே ஊதறதுக்குத்தானே அம்மணி!"

காத்துப் பைப்பை வெச்சு அமுத்தினேன்.

டமால்!

துணி பறந்துபோயி எதுத்த சுவத்துல அப்பிக்கிச்சு. "பார்த்தியா!"ன்னு நான் காலரைத் தூக்கறதுக்குள்ள சுமதி கீழ குனிஞ்சு எதையோ பொறுக்கறா. வெள்ளையா, வட்ட வட்டமா, ஒட்டற பொட்டாட்ட.

"இது என்னதுங்க?"

ஓட்டையை மூடற பேடுங்க அது. அதுல மூணு பிச்சுக்கிட்டு வந்திருக்குது. மறுபடியும் மாஸ்டருக்குப் போன் போட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போடறது?

மோட்டார் கட்டறவன் வேற என்ன பண்ணுவான்? வைண்டிங் டேப்பைச் சுத்தி மூணு ஓட்டையையும் அடைச்சேன். சத்தம் வந்துச்சு! ஆனா அந்த ஓட்டைங்க தெறந்தா வர வேண்டிய சுரம் மட்டும் செத்துப்போச்சு.

அப்பறம் ஆரம்பிச்சது பாட்டுத் தேடற படலம். செத்த சுரம் வராத பாட்டா வேணுமே!

இத்தனை நாளாப் பழகின காதல் பாட்டு மொத வரிலயே விக்கல் எடுத்துச்சு. பிள்ளையார் பாட்டுக்குப் போனேன். "ஏனுங்க, சாமிக்கு சளி புடிச்சிருக்குதா?"ங்கறா சுமதி. இன்னொரு பாட்டு முழுசா வந்துச்சு. ஆனா அது காதல் தோல்விப் பாட்டு.

"அதை வாசிச்சீங்கன்னா மாப்பிள்ளை மேடை ஏறமாட்டாரு. நேரா அவங்க ஊருக்கு, சோமனூர் பஸ்ஸுதான் ஏறுவாரு."

கடைசில விரல் தானாப் போயி ஒரு மெட்டுல உக்காந்துச்சு. துள்ளலான மெட்டு, ஒரு சுரம் கூட விக்கல! எங்கயோ தெனமும் கேட்ட பாட்டுங்க. என்ன பாட்டுன்னு மட்டும் ஞாபகம் வரமாட்டேங்குது.

"நெம்ப நல்லா இருக்குதுங்க. ஏதோ பழைய படத்துப் பாட்டாட்ட இருக்குது"ன்னு சுமதியும் தலையாட்டினா. முடிவு பண்ணிப்போட்டேன்.

மண்டபத்துல லைட்டை அணைச்சாங்க. வாசல்ல கவிதாவும் மாப்பிள்ளையும் வந்து நின்னாங்க, அவங்க மேல மட்டும் போகஸ் லைட்டு. நான் கண்ணை மூடிக்கிட்டு உசுரைக் குடுத்து வாசிச்சேன்.

ரெண்டாவது வரிலயே கூட்டத்துல சலசலப்பு. ரசிக்கறாங்கன்னு நெனச்சு சத்தத்தைக் கூட்டினேன். முன் வரிசைல ஒரு அம்மா பதறி எந்திரிக்கறது கேட்டுச்சு.

"ஏனுங்கக்கா, வண்டி வந்துருச்சாட்ட இருக்குதே?"

கண்ணைத் தெறந்தேன். சாப்பாட்டு ஹால்ல இருந்து மண்டபத்துல கூட்டற அக்கா ரெண்டு பேரு தலைதெறிக்க ஓடி வர்றாங்க. ஒருத்தங்க கையில எச்சிலையோட பச்சை டப்பா. இன்னொருத்தங்க கையில காலி பாட்டிலோட நீல டப்பா. "வண்டிய நிறுத்துங்கோ, வந்துட்டோம்!"னு கத்திக்கிட்டே பொண்ணு மாப்பிள்ளைக்குக் குறுக்கால போறாங்க. போகஸ் லைட்டுக்காரன் லைட்டையும் அவங்க மேலயே திருப்பிட்டான்.

அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. தெனமும் காத்தால எங்க தெருவுல குப்பை வண்டி போட்டுட்டு வர்ற பாட்டுங்க அது!

பூமி பொளந்து உள்ள போயிரலாமான்னு இருந்துச்சு. கவிதா ரெண்டு கையிலயும் மூஞ்சியப் பொத்திக்கிட்டு குலுங்கறா. ஐயோ, புள்ளைய அழ வெச்சுட்டமேன்னு எனக்கும் அழுகை முட்டிக்கிட்டு வந்துருச்சு. ஓடிப்போயி "கண்ணு..."ன்னேன்.

கையை எடுத்தா பாருங்க, சிரிச்சுச் சிரிச்சு மை பூராக் கரைஞ்சு ஓடுது. "சாமி, உன்னக் கும்பிட்டுக்கறேன், இன்னொரு பாட்டு வாசிச்சறாதண்ணா!"

மண்டபமே சிரிக்குது. மாப்பிள்ளையோட அம்மா மட்டும் சிரிக்கல. மரியாதை தெரிஞ்சவங்க. மேடைக்குப் போற வழில எங்கிட்ட நின்னு, கையெடுத்துக் கும்பிட்டாங்க.

"நெம்ப நல்லா வாசிச்சீங்க தம்பி. காத்தால எங்க தெருவுக்கும் ஒருக்கா வந்துட்டுப் போங்க. அங்க வண்டியே வர்றதில்லீங்க."