சீஸ் கேக் விஷயமாகக் குன்னூர் மச்சானுக்கு

உ

ராயபுரம், திருப்பூர்
17-1-1969

குன்னூர் எஸ்டேட் ஆபீசில் பெரிய கிளார்க்காக வீற்றிருக்கும் மச்சான் அர்த்தநாரி அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை நஞ்சம்மாளைக் கட்டிய ஆறுச்சாமி கைகூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் தங்கள் தங்கை, தங்கள் மருமகள் சாரதாமணி, கறவை எருமை, கம்பெனியில் ஓடுகிற பனியன் மெஷின்கள் எல்லாம் சௌக்கியம். அவ்விடம் தாங்களும் அக்காவும் அந்தக் குளிரில் நல்ல திடத்துடன் இருக்கப் பழனியாண்டவரை வேண்டுகிறேன். திடமாக இருந்தால்தான் நான் எழுதப்போவதைத் தாங்குவீர்கள். ஏனென்றால் இந்த வீட்டில் நேற்று நடந்த அத்தனைக்கும் காரணம் தாங்கள்தான்.

போன கோடை லீவில் சாரதாமணியைத் தங்களிடம் அனுப்பினேன். மாமன் வீட்டுக்குப் போகிற பெண் என்ன கற்றுக்கொண்டு வரும்? கொஞ்சம் தையல், இரண்டு வார்த்தை இங்கிலீஷ். தாங்களோ அவளைத் துரை பங்களாச் சமையலறைக்கு அனுப்பி, சீஸ் கேக் என்கிற பண்டத்தைக் காட்டிக் கொடுத்தீர்கள். சமையல்காரர் செய்ததை அவள் ஒரே ஒரு தடவை கதவோரம் நின்று பார்த்தாள், ஒரு துண்டு தின்றாள், அவ்வளவுதான் அவள் படிப்பு. ஆனால் ஊருக்கு வந்ததும் வராததுமாக அதே பேச்சு. மெத்தென்று இருக்குமாம், வாயில் வைத்தால் கரையுமாம், துரைமார் கிறிஸ்துமஸ் விருந்தில் அதைத்தான் நடுவில் வைத்து வெட்டுவார்களாம். நானும் காது குளிரக் கேட்டுக்கொண்டிருந்தேன். பெற்ற மகள் வெள்ளைக்காரப் பலகாரம் பேசினால் எந்த அப்பனுக்குத்தான் பெருமையாக இருக்காது?

அந்தப் பெருமையோடு மார்கழிக்கு முன்னால் அவினாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். அங்கே அருள்புரத்து ரங்காத்தாள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தோட்டம், கம்பெனி, கார் எல்லாம் உள்ள குடும்பம், ஒரே பையன் சென்னியப்பன். அவர்கள் பேச்சுவாக்கில், "எங்க பையன் மெஷின் வாங்கப் பம்பாய் போனப்ப ஏதோ சீஸ் கேக்குனு தின்னுட்டு வந்தானுங்க. அதுலிருந்து நான் சுடற அதிரசத்தைத் திரும்பிக்கூடப் பாக்கறதில்லீங்க" என்றார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "அது எங்க சாரதாமணிக்குக் கைவந்த பலகாரமுங்க" என்றேன். "அப்பிடீங்களா, அப்பப் பொங்கல் கழிச்சு உங்கூட்டுக்கு வர்றமுங்க. பொண்ணையும் பாத்த மாதிரி ஆச்சு, பையனுக்கும் பலகாரம் கெடச்ச மாதிரி ஆச்சு" என்று சொல்லிவிட்டார்கள். மச்சான், இதைவிட நல்ல இடம் நம் பெண்ணுக்கு வராது. அவளும் அந்தக் கல்யாணத்தில் பையனைப் பார்த்திருக்கிறாள். எப்படி என்று கேட்டேன். "பந்தியில ஓடி ஓடிப் பரிமாறுனவங்களுக்கு அவருதானுங்கப்பா தண்ணி மோந்து குடுத்தாரு" என்றாள். ஒரு பெண் இதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்?

உடனே சீஸ் வேண்டுமென்று தங்களுக்கு எழுதினேன். தாங்களும் டப்பாவில் அடைத்து பஸ்ஸில் அனுப்பினீர்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் டப்பாவின் மேல் இன்ன பொருள் என்று ஒரு வார்த்தை எழுதக் கூடாதா? நான் கம்பெனியில் இருந்து வருவதற்குள் நஞ்சம்மாள் டப்பாவைத் திறந்து, மோந்து பார்த்து, அண்ணன் அனுப்பிய வெண்ணெய் பஸ் சூட்டில் புளித்துவிட்டது என்று முடிவு கட்டி, அடுப்பில் ஏற்றி, முருங்கைக் கீரையும் போட்டு உருக்க ஆரம்பித்துவிட்டாள். நான் உள்ளே நுழையும்போது அவள் வேர்க்க வேர்க்கக் கிண்டிக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, எந்நேரமாக் கிண்டறன், நெய்யி பிரியவே மாட்டீங்குது. அந்தக் குளுருல மாட்டுக்கு என்னத்தப் போடறாங்களோ. எங்கண்ணனுக்கு யாரோ ஏமாத்திக் குடுத்துப்போட்டாங்க" என்றாள். அந்த நிலைமையிலும் தங்கள் மேல் ஒரு குற்றம் விழ விடவில்லை பாருங்கள், அதுதான் கூடப் பிறந்த பாசம். திரிந்துபோனதை எருமைத் தொட்டியில் ஊற்றினோம். எருமை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வேறு சீஸ் வரவழைக்க நாள் இல்லை. சாரதாமணிதான் யோசனை சொன்னாள். கெட்டித் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரெல்லாம் வடியவிட்டால் கிட்டத்தட்ட அதே மாதிரி வருமாம். துணி என்ற பேச்சு வந்ததும் எனக்கு உயிர் வந்தது. நஞ்சம்மாள், "பழைய வேட்டி ஒண்ணு கெடக்குதுங்க, அது போதும்" என்றாள். பனியன் கம்பெனி முதலாளி வீட்டில் வேட்டித் துணியா? மெஷினில் இருந்து குழாயாகவே இறங்குகிற துணி நம்முடையது, ஒரு முனையில் முடிச்சுப் போட்டால் தைக்காமலே பை. சலவைக்குப் போய் நீலம் போட்டு வந்த முதல் தரமான சரக்கில் இருந்து ஒரு நீளம் வெட்டி, தயிரை நிரப்பி, வீட்டு முன்கட்டு ஆசாரத்தில் ஊஞ்சல் கொக்கியில் நானே மாட்டினேன். மாட்டிய அலுப்பில் கீழேயே பெஞ்சைப் போட்டு, மத்தியானத் தூக்கத்துக்குச் சாய்ந்தேன். பனியன் துணி இழுக்க இழுக்க நீளும் என்பது இந்த ஊரில் ஊஞ்சலில் கிடக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். அதைச் சொல்லிச் சொல்லித்தான் நான் சரக்கே விற்கிறேன். எனக்கு ஏன் அப்போது தோன்றவில்லை என்று பழனியாண்டவரைத்தான் கேட்க வேண்டும். நல்ல தூக்கத்தில் சில்லென்று ஒரு கை என் நெற்றியைத் தடவியது. காலமான என் அம்மாதான் வந்து தடவுகிறாள் என்று நினைத்து, "ஆத்தா, நல்லாருக்கறயா" என்று கேட்டுக் கண்ணைத் திறந்தால், தயிர் மூட்டை முகத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. நான் போட்ட கூச்சலில் கம்பெனி ஆட்கள் மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்கள். எப்படியோ சீஸ் சேர்ந்தது. துணியின் நீலம் ஏறி, வெளுத்த சட்டைக் காலர் மாதிரி ஒரு நிறத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்தது பாத்திரம். சுற்றுச்சுவர் தனியாகவும் அடி தனியாகவும் கழல வேண்டுமாம், அப்போதுதான் கேக் உடையாமல் முழுசாக நிற்குமாம். அனுப்பர்பாளையம் போய்ச் சுப்பையனிடம் சொன்னேன். நம் வீட்டுக் குடம், அண்டா எல்லாம் அவர் கைவேலைதான். "அடி கழலோணுமுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எங்க பாத்திரத்துல அடி கழண்டுச்சுனு இதுவரைக்கும் ஒருத்தரு வந்து சொன்னதில்லீங்க. நீங்க கழட்டிக் குடுனு கேக்கறீங்க" என்றார். அப்புறம் நான் கெஞ்சிய கெஞ்சலில் தலையை ஆட்டினார். பொங்கலுக்கு முதல் நாள் பளபளவென்று பித்தளையில் செய்து, ஈயமும் பூசிக் கொடுத்தனுப்பினார். பார்க்க லட்சணமாக இருந்ததால் நான் திருப்பிப் பார்க்கவில்லை.

பிஸ்கட்டைப் பொடித்து வெண்ணெய் விட்டுப் பிசைந்து அடியில் பரப்பி, மேலே சீஸும் சர்க்கரையும் முட்டையும் எலுமிச்சைச் சாறும் அடித்து ஊற்றி, சாரதாமணி கலவையைத் தயார் செய்தாள். அவள் கை நேர்த்தியில் எனக்கு இப்போதும் குறை இல்லை. சுடுவதற்குக் கடைவீதி காஜா மொய்தீன் பாயின் பேக்கரிக்குக் கொண்டுபோனேன். ரொட்டி எடுத்த பிறகு அடங்கிய சூட்டில் வைத்து, நடுவில் தளதளவென்று இருக்கும்போதே எடுக்க வேண்டுமென்று சாரதாமணி சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். பாய் சரி சரி என்றுதான் சொன்னார். ஆனால் ரொட்டியும் பன்னும் போட்டு வளர்ந்த மனுஷனுக்கு மனசு கேட்கவில்லை. "எந்திரிக்கவே இல்லீங்களே மொதலாளி. எந்திரிக்காததை எறக்குனா நாளைக்கு என் பன்னை யாரு வாங்குவாங்க? இன்னுங் கொஞ்சம் கெடக்கட்டும்" என்று சொல்லிச் சொல்லி, அது எழுந்திருக்கும் எழுந்திருக்கும் என்று காத்துக்கொண்டிருந்துவிட்டார். எழுந்திருக்கவில்லை. மேலே கருத்து வெடிப்பு விட்டது. அந்த வெடிப்பின்மேல் நஞ்சம்மாள் செவ்வந்திப் பூ வைத்து மறைத்துவிட்டாள்.

நேற்று ரங்காத்தாளும் சென்னியப்பனும் சொந்தக்காரர் சிலரும் காரில் வந்து இறங்கினார்கள். காபி ஆயிற்று, பெண் வந்து கும்பிட்டாயிற்று. பையன் முகம் மலர்ந்திருந்தது, நான் பார்த்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பாத்திரத்தை நடுவில் கொண்டுவந்து வைத்து, "இப்பப் பாருங்க, அடி தனியா வரும், சுவரு தனியா வரும்" என்று பொம்மலாட்டக்காரன் மாதிரி அறிவித்துவிட்டு அழுத்தினேன். வரவில்லை. தட்டினேன், முழங்காலுக்கு இடையில் வைத்து இழுத்தேன், பூ பறந்ததே தவிர அடி அசையவில்லை. சென்னியப்பன் எழுந்து வந்து ஒரு பக்கம் பிடித்தான். நாங்கள் இருவரும் தேர் இழுப்பதுபோல் இழுப்பதை எல்லாரும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தலைகீழாகத் திருப்பினால், சுற்றிலும் ஈயம் வைத்துக் கெட்டியாகப் பற்றவைத்திருக்கிறது. பையன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். வேறு வழியில்லாமல் நஞ்சம்மாள் சாதக் கரண்டியால் தோண்டித் தோண்டித் தட்டில் வைத்தாள்.

ரங்காத்தாள் ஒரு வாய் எடுத்து, "நல்லாருக்குதுங்க" என்றார்கள். அப்புறம், "ஏனுங்க, இது நீலமாத்தான் இருக்குமுங்களா?" என்றார்கள். "மேல்நாட்டுச் சரக்குங்க" என்றேன். "அடிப்புடிச்சிருந்தாலும் அதுலயும் ஒரு ருசிங்க" என்றார்கள். அடிப்பிடித்ததாக அவர்கள் நினைத்தது பிஸ்கட்டை. பையன் தட்டைக் காலி செய்துவிட்டுத் தண்ணீர் கேட்டான், அவ்வளவுதான் அவன் பேசியது. கிளம்பும்போது வாசலில் நின்று, "ஊட்டுக்குப் போயிக் கலந்துட்டுச் சொல்லியுடறமுங்க" என்றார்கள். மச்சான், நம் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று தங்களுக்குத் தெரியும். வேண்டாம் என்பதை முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் வாய் வராது, அதனால் எல்லாரும் கலந்துவிட்டுச் சொல்கிறார்கள். பிறகு சொல்வதே இல்லை.

கார் போனதும் அனுப்பர்பாளையம் போய்ச் சுப்பையனைப் பிடித்தேன். அவர் கொஞ்சமும் பதறவில்லை. "நாலு பேரு முன்னால அடி கழண்டு உளுந்தா உங்களுக்குத்தானுங்க அவமானம். அதான் நானே பாத்து, கூலி கேக்காமப் பத்தவெச்சுட்டனுங்க" என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் சாரதாமணி தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. "உடுங்கப்பா, நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

ஆகவே இதன்மூலம் தெரிவித்துக்கொள்வது, இனிமேல் இந்த வீட்டில் சீஸ் என்ற பேச்சே கூடாது. மீதி இப்போது என் மேசைமேல்தான் இருக்கிறது. இதில் என்னென்ன குறை என்று தங்களுக்கு விவரமாக எழுத வேண்டுமே என்பதற்காக ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன். புளிப்பு என்று எழுதலாம் என்றால் பின்னாலேயே இனிப்பு வருகிறது. இனிப்பு என்று எழுதுவதற்கு இன்னொரு கரண்டி வைத்துப் பார்த்தால் எலுமிச்சை வாசனை வருகிறது. கருகிய மேல்பாகத்தை ஒதுக்கிவிட்டுப் பார்ப்பதுதான் நியாயம் என்று நடுவில் இருந்து எடுத்தேன். பிறகு ஓரமும் நடுவும் ஒன்றுதானா என்று பார்க்க ஓரத்தில் எடுத்தேன். அடியில் உள்ள பிஸ்கட்டைப் பற்றியும் எழுதாவிட்டால் கடிதம் முழுமையாகாது அல்லவா? மொத்தத்தில் இது மனிதர் தின்னக்கூடிய பண்டமே அல்ல என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

அக்காவுக்கு என் வணக்கம். குளிருக்குக் கம்பளி பனியன் ஒன்று தனியாக அனுப்புகிறேன், என் கோபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தங்கள் குடும்பம் ஆல்போல் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
மனமுடைந்த மச்சான்
ஆறுச்சாமி

பி.கு.: மேலே கண்டதைப் படித்திருந்தால் மறந்துவிடவும். கவரை ஒட்டும்போது சென்னியப்பனே காரில் வந்து நிற்கிறான். கலந்துவிட்டுச் சொல்கிறோம் என்று போனவர்கள் உண்மையிலேயே கலந்திருக்கிறார்கள். பெண்ணை எல்லாருக்கும் பிடித்துவிட்டதாம். கால் வலியால் வராத பையனின் அப்பாதான், "அந்த நீலப் பலகாரத்தை நான் ஒரு வாய் தின்னாம வெத்தலபாக்கு மாத்த மாட்டன்" என்று பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறாராம். மீதியை வாங்கிக்கொண்டு போகப் பையன் வந்திருக்கிறான். மச்சான், மீதி இல்லை. புதிதாகச் செய்து நாளைக்கு அனுப்புகிறோம் என்று சொல்லி அவனுக்கு இப்போது இரண்டாவது காபி கொடுத்திருக்கிறோம். இதைக் குன்னூர் பஸ் டிரைவர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன், அதே பஸ் திரும்பும்போது சீஸ் வந்தாக வேண்டும். காலிப் பாத்திரத்தைச் சாரதாமணி பார்த்துவிட்டாள். என்னையும் பார்த்தாள், என் மீசையையும் பார்த்தாள். "எப்பிடிங்கப்பா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள். "நல்லாருந்துச்சு கண்ணு" என்றேன். மரியாதைக்குச் சொல்லவில்லை மச்சான்.