கிராமர் வாத்தியார் சொல்லிக்கொடுத்த ஐந்து சொற்கள்

மனைவியை விமானம் ஏறவிடக் கூடாது என்று கிராமர் வாத்தியார் முடிவு கட்டிவிட்டார். வெளிநாட்டில் மகளுக்குப் பிரசவம். துணைக்கு அம்மா வரவேண்டுமாம். மூன்று மாதம்! அதுவரை "என் கண்ணாடி எங்கே?" என்று சுவரைப் பார்த்தா கேட்பது? ஆனால் "போகாதே" என்று சொல்ல வாய் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் தொண்டை கிழியக் கத்திவிட்டு, வீட்டில் வெறும் "ம்"மை வைத்தே குடித்தனம் நடத்திய மனிதர் அவர்.

வழியை மனைவியே காட்டினாள்.

"ஏங்க, மாப்பிள்ளைக்கும் அவங்க அம்மாவுக்கும் இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்."

வாத்தியாரின் மூளை சுறுசுறுப்பானது. பெயர்ச்சொல் சொல்லிக்கொடுத்தால் தண்ணீர் கேட்டுவிடுவாள். வினைச்சொல் சொல்லிக்கொடுத்தால் கடைக்கே போய்விடுவாள். இலக்கணத்திலேயே ஒன்றுக்கும் உதவாதது இன்டர்ஜெக்‌ஷன்தான். எந்த வாக்கியத்தோடும் ஒட்டாமல் தனியாக நிற்கிற உணர்ச்சிச் சொல்.

"ஆச்சரியம்னா 'வாவ்'. விஷயம் புரிஞ்சா 'ஓ'. கை தவறினா 'ஊப்ஸ்'. சந்தோஷம்னா 'ஹுர்ரே'. துக்கம்னா 'அலாஸ்'."

"அவ்வளவுதானா?"

"இங்கிலீஷே அவ்வளவுதான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்கு அவரே வீடியோ கால் போட்டு, சம்பந்தியம்மாவைக் கூப்பிடச் சொல்லி, போனை மனைவியின் கையில் திணித்தார். திருதிருவென்று முழிப்பாள், பயணமே வேண்டாம் என்பாள் என்று அவர் கணக்கு.

சம்பந்தியம்மா தன் பூனையைக் காட்டினாள். "வாவ்!" என்றாள் மனைவி. சம்பந்தியம்மா கட்டுப்போட்ட தன் முழங்காலைக் காட்டி ஏதோ நீளமாகச் சொன்னாள். "ஓ... ஊப்ஸ்!" பிறகு, போன வருஷம் தவறிப்போன தன் கணவரின் படத்தைச் சம்பந்தியம்மா காட்டினாள். குரல் உடைந்தது.

"அலாஸ்," என்றாள் மனைவி மெதுவாக. சும்மா ஒப்புக்குச் சொல்லவில்லை; அவள் கண்ணும் கலங்கியிருந்தது. அந்தப் பக்கம் சம்பந்தியம்மா தேம்பித் தேம்பி அழுதாள்.

போனை மகள் வாங்கினாள். "அம்மா! மாமா போனதிலேருந்து யாரும் இப்படிக் காது குடுத்துக் கேட்டதே இல்லைன்னு அத்தை சொல்றாங்க. நீ ஒரு வருஷம் இருந்துட்டுத்தான் போகணுமாம்!"

"ஹுர்ரே!" என்றாள் மனைவி.

கிளம்பும் நாள் வந்தது. பெட்டிகள் டாக்ஸியில் ஏறிவிட்டன. வாசற்படியில் வாத்தியார் தூணோடு தூணாக நின்றார்.

"கண்ணாடி எப்பவும் உங்க சட்டைப் பையிலதான் இருக்கும். அங்க பார்த்துட்டு அப்புறம் வீட்டைப் புரட்டுங்க."

"ம்."

"நான் போகக் கூடாதுன்னுதான் அந்த அஞ்சு வார்த்தையோட நிறுத்திட்டீங்க. எனக்கு அன்னிக்கே தெரியும்."

வாத்தியார் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்.

"எதுக்குங்க இவ்வளவு சுத்துவழி? 'நீ இல்லாம முடியாது'ன்னு தமிழ்ல ஒரு தடவை சொல்லியிருந்தா, பிள்ளை முகத்தைப் பார்த்துட்டு உடனே ஓடி வந்திருப்பேனே. இன்னிக்காவது சொல்வீங்க, நாளைக்காவது சொல்வீங்கன்னு பார்த்துட்டே இருந்தேன்."

இப்போதாவது சொல்லிவிட வேண்டும். கண்ணில் நீர் முட்டியது. டாக்ஸிக்காரர் ஹார்ன் அடித்தார். வாத்தியார் மூச்சை இழுத்துப் பிடித்து வாயைத் திறந்தார்.

"ஓ..."

"'ஓ' இல்லீங்க, 'அலாஸ்'," என்று திருத்திவிட்டு அவள் வண்டியில் ஏறினாள்.