ஈஷ்முராத் பெக் மதகுப் போருக்குப் போனார்

பரம்பரை வீரர் என்றொரு பிராணி இருக்கிறதே, அதைப் போர்க்களத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. விருந்தில் தேடுங்கள். ஆட்டின் தொடைக்கறி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும்.

எங்கள் கரசாய் மாகாணத்தின் ஆளுநர் ஈஷ்முராத் பெக் இந்த இனத்தில் அசல் வித்து. அவருடைய கொள்ளுத்தாத்தா எப்போதோ ஒரு கொள்ளைக்காரனை வெட்டினாராம். கொள்ளைக்காரனின் குதிரையைத்தான் வெட்டினார் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் மெதுவாகத்தான் சொல்வார்கள். அந்த ஒரு வெட்டின் புண்ணியத்தில் பெக் தொட்டிலிலேயே நூறு குதிரை வீரர்களுக்குத் தலைவர், பல் முளைத்ததும் ஐந்நூறுக்கு, மீசை முளைப்பதற்குள் ஆளுநர். நாட்டை ஆளும் அமீர் அனுப்பிய பட்டு அங்கிகளை, கோடையோ குளிரோ, ஒன்றின்மேல் ஒன்றாக அத்தனையும் அணிவார். உட்கார ஒருவர் பிடிக்க வேண்டும், எழ இருவர். ரொட்டி காய்ந்திருந்தால், “பாசறையில இதைவிடக் கல்லா இருக்கும்” என்பார். எந்தப் பாசறை? அதைக் கேட்டவர்களுக்கு அடுத்த விருந்துக்கு அழைப்பு வராது.

இப்படி நிம்மதியாக வீரம் செய்துகொண்டிருந்தவருக்கு ஒரு கோடையில் சோதனை வந்தது. வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோய், முலாம்பழக் கொடிகள் வெயிலில் சுருண்டன. அவை போனால் கரசாயில் பாதிப் பேர் மூட்டை கட்ட வேண்டியதுதான். விவசாயிகள் மண்வெட்டியோடு வந்து முற்றத்தில் நின்றார்கள்.

“எஜமானே, எல்லையில இருக்கிற மதகை அடுத்த மாகாணத்து கெல்தியார் பெக் அடைச்சுட்டாராம். நீங்கதான் கேக்கணும்.”

“அடைச்சுட்டானா? அந்தப் பயலை நார் நாரா கிழிக்கிறேன்! தோஷ்தெமிர், வாளை எடுடா!”

குதிரைக்காரன் தோஷ்தெமிர் உறையைப் பிடித்துக்கொள்ள, இரண்டு சேவகர்கள் இழுத்தார்கள். கைப்பிடி மட்டும் வந்தது.

“பரவாயில்லை, உறையோடயே அடிப்போம். ஆனா இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. சண்டைக்கு ஆகாது” என்றார் பெக்.

உள்ளேயிருந்து அவர் மனைவி ஓய்ஜமாலின் குரல் வந்தது. “இன்னிக்கு புதன்கிழமைங்க. தாராளமா போயிட்டு வாங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒரே வீரக்கதையைக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. இன்னொண்ணு கிடைக்கட்டும்.”

முற்றம் முழுவதும் கேட்டுவிட்டது. இனி என்ன செய்ய முடியும்? பெக்கைக் குதிரைமேல் ஏற்றினார்கள். குதிரை பெருமூச்சு விட்டது. வீரர்கள் முன்னே போக, விவசாயிகள் பின்னே நடந்தார்கள். தன்னை இதுவரை ஒருவரும் ஓர் அடிகூட அடித்ததில்லை என்பது பெக்குக்கு வழியில்தான் உறைத்தது. அடித்தால் எப்படி இருக்கும்? நிச்சயம் வலிக்கும்.

எல்லை மேட்டில் ஏறிப் பார்த்தால், எதிர்ப்பக்கம் வானளாவத் தூசி. கெல்தியார் பெக்கின் படை!

“தோஷ்தெமிர்...” பெக் குரலைத் தாழ்த்தினார். “என் வெள்ளைத் தலைப்பாகையை எடுத்துக்கிட்டுப் போ. சரணடையறோம்னு மட்டும் சொல்லிடாதே.”

“பின்னே என்னன்னு சொல்றது எஜமானே?”

“வீணா ரத்தம் சிந்த பெக் விரும்பலைன்னு சொல்லு. முறைச்சாங்கன்னா சரணடைஞ்சுடு.”

தோஷ்தெமிர் பாதி வழி போனபோது எதிரே ஒருவன் வெள்ளை மேசைவிரிப்பைக் கம்பில் கட்டிக்கொண்டு வந்தான். கெல்தியார் பெக்கின் சமையல்காரன் ஹோல்மத்.

“எங்கேண்ணே இந்தப் பக்கம்?” என்றான் தோஷ்தெமிர்.

“சரணடையத்தான் தம்பி. நீ?”

“நானும் அதுக்குத்தான். நான்தான் முதல்ல கிளம்பினேன்.”

“போடா! உங்க தூசி தெரிஞ்ச உடனேயே எங்க எஜமான் விரிப்பை உருவிட்டார். சாப்பாடெல்லாம் மண்ணுல.”

“சரிண்ணே, நீங்களே ஜெயிச்சுக்கங்க.”

“நான் எதுக்கு? ஜெயிச்சா உங்க பெக்கைச் சிறைபிடிக்கணும். பிடிச்சா சோறு போடணும். அவர் தின்கிற சோத்துக்கு யாருடா சமைக்கிறது?”

இந்தப் பேரம் முடிகிற வழியாக இல்லை. அதற்குள் இரு பக்கத்து விவசாயிகளும் மதகடிக்கு இறங்கிப் பார்த்துவிட்டார்கள். மதகு திறந்துதான் கிடந்தது. அதற்குச் சற்று மேலே கரை சரிந்து, ஒரு பெரிய நெட்டிலிங்க மரம் வாய்க்காலில் குறுக்கே விழுந்து, சேறும் சருகும் அடைத்திருந்தன. கெல்தியார் பெக்கின் ஊரிலும் தண்ணீர் இல்லை. அங்கே ‘ஈஷ்முராத் அடைத்துவிட்டார்’ என்று பேச்சாம்! இரு ஊராரும் சேர்ந்து மரத்தை வெட்டிப் புரட்ட, தண்ணீர் திமிறிக்கொண்டு ஓடியது. வீரர்கள் கேடயத்தை வீசிவிட்டுக் குதித்துக் குளித்தார்கள்.

ஆபத்து இல்லை என்று தெரிந்ததும் பெக்குகள் இருவரும் கம்பீரமாக இறங்கி வந்து கட்டித் தழுவினார்கள்.

“நீங்க பிழைச்சீங்க. நான் கையை ஓங்கியிருந்தேன்னா...” என்றார் இவர்.

“நானும் அடக்கிக்கிட்டுத்தான் நின்னேன்” என்றார் அவர்.

அத்தோடு விட்டார்களா? இருவரும் தனித்தனியே தலைநகருக்குத் தூதன் அனுப்பி, ‘கடும் போர், பகைவன் பணிந்தான்’ என்று அமீரிடம் சொல்லவைத்தார்கள். இரண்டு தூதர்களும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தார்கள். யார் யாரை வென்றார் என்று அமீர் குழப்பிக்கொள்ளவில்லை. ‘நம் ராஜ்யத்தில் இரண்டு சிங்கங்களா!’ என்று பூரித்து, ஆளுக்கொரு பட்டு அங்கியும், கூடவே ஓர் ஆணையும் அனுப்பினார்: இருவரும் உடனே வடக்கு எல்லைக் கோட்டைக்குப் போய், அங்கே நிஜமாகவே வெட்டிக்கொண்டிருக்கும் கொள்ளைக் கூட்டத்தை அடக்க வேண்டும்.

புது அங்கியை மேலே போட்டுக்கொண்டு ஈஷ்முராத் பெக் வடித்த கண்ணீரை ஓய்ஜமால்தான் துடைத்துவிட்டாள். “பயந்தா பயந்தேன்னு சொல்லியிருக்கலாமேங்க” என்றாள். “எப்படிம்மா சொல்றது? எங்க வம்சத்துலேயே யாரும் சொன்னதில்லையே” என்றார் அவர். பாவம், அது ஒன்றுதான் அவர் வாயிலிருந்து வந்த நிஜம்.

போனார், இன்னும் அங்கேதான் இருக்கிறார். கோட்டைச் சமையலறையைவிட்டு அவர் வெளியே வந்ததாகத் தகவல் இல்லை. கரசாய்க்கு இதுவரை வேறு ஆளுநர் வரவில்லை. முலாம்பழங்களுக்கு அது தெரியாது போலிருக்கிறது, நன்றாகவே காய்த்துத் தள்ளுகின்றன.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் போன வாரம் பக்கத்து வீட்டுக்காரரை ஒரு கை பார்த்துவிடுவதாகச் சட்டையை மடித்துக்கொண்டு போய், கதவு திறந்ததும் “சௌக்கியமா சார்?” என்று விசாரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து மனைவியிடம் “நல்லாக் கேட்டுட்டேன்” என்று சொன்னது யார்?