ஐஸ்பெட்டி போட்ட லைக்

திண்டிவனத்தில் ஒரே ஒரு மனிதர் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் மட்டும், கேட்கப்பட்டவர் பதில் சொல்லாமல் நேராகப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வார். அவர்தான் ஐஸ்பெட்டி. இயற்பெயர் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் அளவுக்குப் பக்கத்தில் போய் நிற்க யாருக்கும் தைரியமும் கிடையாது.

சாமியானா, நாற்காலி, அண்டா குண்டா, இறந்தவரை வைக்கும் குளிர்பெட்டி இவற்றை வாடகைக்கு விடும் கடை எங்களுடையது. 'எங்களுடையது' என்பது ஒரு பேச்சுக்கு. முதலாளி ஒருவர், நான் கம்ப்யூட்டர், ஐஸ்பெட்டி பெட்டி. தொண்ணூற்று மூன்றில் குளிர்பெட்டி எல்லாம் வருவதற்கு முன்பே, பார் ஐஸைச் சாக்கில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு சாவு வீடுகளுக்கு ஓடியவராம். பெட்டி வந்ததும் பெயர் நிரந்தரமாகிவிட்டது.

ஆள் ஆறடி, ஒல்லி. அக்னி நட்சத்திரத்திலும் அரைக்கை ஸ்வெட்டர். பெட்டி நன்றாகக் குளிர்கிறதா என்று பார்க்க அதற்குள் தர்ப்பூசணி வைப்பார். வெயிலில் வந்த ஒரு பாத்திர வியாபாரிக்கு அதில் ஒரு துண்டு கொடுத்தார். அவரும் ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, "எந்த கடைண்ணே, இவ்ளோ ஜில்லுனு இருக்குது?" என்று கேட்டார். ஐஸ்பெட்டி பெருமையோடு பெட்டியைக் காட்டினார். அந்த வியாபாரி அதற்குப் பிறகு எங்கள் தெருப்பக்கமே வரவில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. புதிதாக யாரைப் பார்த்தாலும் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒருமுறை பார்த்துவிட்டு, "இன்னா ஒசரம் நீங்க?" என்பார். அக்கறையில்தான் கேட்டார் என்று இப்போது தெரிகிறது. பெட்டிக்கு என்று ஒரு நீளம் இருக்கிறதல்லவா, கேட்கப்பட்டவர்களுக்கு அது ஞாபகம் வந்துவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாக் கடைக்காரர்களும் முகநூலில் பேஜ் ஆரம்பித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் முதலாளிக்கும் ஆசை வந்துவிட்டது. "நம்ம சாமியானா போட்ட எல்லா விசேஷத்தையும் போட்டோ புடிச்சிப் போடு தம்பி. நம்ம நாற்காலில உக்காராதவன் இந்தச் சுத்துவட்டாரத்துல இல்லன்னு தெரியணும்" என்றார். நானும் விடாமல் போட்டேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, மாதாகோயில் விருந்து. இரண்டு வருடத்தில் திண்டிவனம் முதல் விழுப்புரம் வரை பாதிப்பேர் எங்கள் பேஜில் இலை முன்னால் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆல்பங்களுக்குக் கடைசியில் குளிர்பெட்டியின் படத்தையும் முதலாளியே போட வைத்தார். 'வீட்டு விசேஷம் எதுவானாலும் அழையுங்கள்' என்று அதற்குக் கீழே அவரே வாசகம் சொன்னார்.

விபரீதம் பொம்மையார்பாளையத்துக் கல்யாணப் படங்களில் ஆரம்பித்தது. கண்ணை மூடிக்கொண்டு ஐஸ்கிரீம் சாப்பிடும் ஒரு பெரியவர். ஆல்பத்தில் இருந்த நூற்றுச் சொச்சம் படங்களில் அந்த ஒன்றுக்கு மட்டும் ஒரு லைக். போட்டது யார் என்று பார்த்தால், எங்கள் கடை. கடையின் படத்துக்குக் கடையே லைக் போட்டிருந்தது. முதலாளிதான் விரல் தவறி அமுக்கியிருப்பார் என்று விட்டுவிட்டேன். வியாழக்கிழமை அந்தப் பெரியவர் வீட்டுக்கு எங்கள் பெட்டி போயிற்று.

அடுத்து ஒரு காதுகுத்துப் படம். வெற்றிலை வாயோடு சிரிக்கும் ஓர் அம்மாள். ஒரு லைக், ஐந்தாம் நாள் பெட்டி. அதற்கடுத்து பச்சைத் துண்டு போட்ட ஒரு மேஸ்திரி. அவருக்கு மூன்றே நாள். எல்லாமே பட்டப்பகலில், ஒன்றேகால் மணிக்குப் போட்டவை. மேஸ்திரி படத்தில் அந்த ஒற்றை லைக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மதிய வெயில் வாசலில் கொளுத்திக்கொண்டிருந்தது, எனக்கு முதுகில் யாரோ ஐஸ் வைத்த மாதிரி இருந்தது.

ஊர் சும்மா இருக்குமா? டீ மாஸ்டர் கிளாஸை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏம்பா, உங்க பேஜு லைக் போட்டா பெட்டி வருதாமே?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே."

"என் போட்டோ ஒண்ணு இருக்குது. மச்சான் கல்யாணத்துல புடிச்சது. அத்த எடுத்துடு. இந்த டீக்கு காசு வேணாம்."

அதன்பிறகு நான் கேமராவைத் தூக்கினால் பந்தியே குனிந்துகொண்டது. ஒரு நிச்சயதார்த்தத்தில் முப்பது பேர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பாயசம் குடித்தார்கள். இரண்டு கல்யாண வீட்டார் சாமியானாவே வேண்டாம், வெயிலிலேயே நடத்திக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "கடைக்கு எத்தினி சாவின்னு எனக்குத் தெரியும். இந்த பேஜுக்கு எத்தினி பேரு கையில சாவி இருக்குதுன்னு இப்ப பாரு. என் கண்ணு முன்னாடி பாரு."

அட்மின் பட்டியலைத் திறந்தேன். இரண்டே பெயர்கள். ஒன்று அவர், அதுவும் அவர் மகள் வைத்துக்கொடுத்தது. போனில் பச்சைப் பொத்தானைத் தவிர வேறு எதையும் அவர் தொட மாட்டார். இன்னொன்று நான். மூன்றாவது பெயரே இல்லை. முதலாளி மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, மதியம் சாப்ட்டதும் ஒரு மணி நேரம் தூங்குறல்ல?"

"ஆமாண்ணே."

"தூங்கறன்னு உனக்கு யாரு சொன்னது?"

என் வலதுகைக் கட்டைவிரலை நானே சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் என் போனை முதலாளியின் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டச் சொன்னேன். கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கினேன். பன்னிரண்டரையிலிருந்து அவருக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் உட்கார்ந்தேன். ஒரு மணி. ஒன்று பத்து. ஒன்றேகாலுக்கு முதலாளியின் போன் மேஜைமேல் கிர்ரென்று நகர்ந்தது. இருவரும் குனிந்து பார்த்தோம். எங்கள் கடை இன்னொரு படத்துக்கு லைக் போட்டிருந்தது. சிவப்பு நாற்காலியில் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் விழுப்புரத்தில் உரக்கடை வைத்திருப்பவர். அடுத்த மாதம் எனக்கு மாமனார் ஆகவேண்டியவர். படம் என்னுடைய நிச்சயதார்த்தப் படம்.

முதலாளி எழுந்துபோய் அந்தோணியார் படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார். நான் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து விழுப்புரத்திலிருந்து முதலாளியின் போனுக்கு அழைப்பு வந்தது.

"மாப்ள, எந்தத் தேதின்னு மட்டும் சொல்லிடுங்க. கடை சரக்கெல்லாம் ஒருத்தன் கையில ஒப்படைக்கணும்" என்றார் மாமா. குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. அவர் கையிலிருந்து போனை அத்தை பிடுங்கிக்கொண்டார்.

"இது யாரு வேலைன்னு ஞாயித்துக்கிழமைக்குள்ள கண்டுபுடிச்சிக்கினு வந்தா கல்யாணம். இல்லன்னா நீங்க வெச்ச தட்ட நீங்களே வந்து எடுத்துக்கினு போங்க. பேய்க்குப் பொண்ணு குடுக்கறதா நாங்க சொல்லல!"

எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்திருந்தது. அதைத் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நின்று கத்திச் சொல்லவும் தயாராக இருந்தேன். பிடுங்கிய ஒயரை மறுபடியும் மாட்டினேன். அட்மின் பட்டியலில் முதலாளியும் நானும்தான். ஆனால் என் கணக்கு எந்தெந்த போனில், கம்ப்யூட்டரில் திறந்து கிடக்கிறது என்று பார்க்க வேறு ஓர் இடம் உண்டு. அதுவரை அங்கே நான் போனதேயில்லை. அங்கே மூன்று வரிகள் இருந்தன. கடைக் கம்ப்யூட்டர். டிராயரில் இருந்த என் போன். மூன்றாவது ஒரு பழைய போன். இடம்: முண்டியம்பாக்கம். கடைசியாகப் பயன்படுத்தியது: ஒன்றேகால்.

முண்டியம்பாக்கம் என்றால் எங்கள் கடைக்கு ஒரே அர்த்தம்தான். பெரியாஸ்பத்திரி. அங்கிருந்து உடலை வாங்கத்தான் பெட்டி போகும். அந்தப் பழைய போன் கண்ணாடி உடைந்து, எப்போதோ என் கையை விட்டுப் போன ஒன்று. யாரிடம் போனது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. பிணவறையில் யாரோ படுத்துக்கொண்டே என் பெயரில் லைக் போடுவதாகத்தான் மனசு ஓடியது.

மறுநாள் பகல் ஒன்றேகாலுக்கு அங்கே இருக்கவேண்டும் என்று பைக்கை எடுத்தேன். விக்கிரவாண்டி தாண்டும்வரை தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாரையும் கூப்பிட்டேன். பிணவறைப் பக்கம் எங்கள் வண்டி நின்றது, பெட்டி காலியாக இருந்தது, ஆளைக் காணோம். பார்வையாளர் நேரம். அவரைத் தேடிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக ஆண்கள் வார்டுக்குள் போனேன். கோடியில் இருந்த கட்டிலில் ஒரு ஸ்வெட்டர் முதுகு தெரிந்தது.

ஐஸ்பெட்டி ஒரு கிழவர் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடி உடைந்த போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். "தோ பாரு நைனா, இது நீதான? உன் பேரன் காதுகுத்து. லட்டை எப்பிடி முழுங்கற பாரு" என்று சொல்லிவிட்டுக் கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டினார். "தோ, ஒண்ணு விழுந்துச்சி பாத்தியா? ஒருத்தன் உன்ன நெனச்சிக்கினு இருக்கான்னு அர்த்தம்." கிழவர் பல்லில்லாமல் சிரித்தார்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மின்வெட்டுக் காலத்தில் டார்ச் அடிக்க ஒரு போன் வேண்டும் என்று கேட்டவருக்கு, பேஜ் திறந்திருந்தது திறந்திருந்தபடியே, எதையும் அழிக்காமல் தூக்கிக்கொடுத்தவன் நான்தான்.

"அண்ணே!" என்றேன். கத்தலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது.

"வா தம்பி. ஒசந்த போனு குடுத்த. எல்லார் போட்டோவும் வருது" என்றார் அவர்.

வெளியே அழைத்து வந்து எல்லாவற்றையும் சொன்னேன். லைக் கடையின் பெயரில் விழுகிறது என்பதே அவருக்குத் தெரியாது. ஊர் பயப்படுவதைச் சொன்னதும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"பாடி குடுக்க நாலு மணி நேரம் ஆவும் தம்பி. வெளிய குந்தினா என்னப் பாத்து எல்லாரும் எழுந்து போயிடுறாங்க. உள்ள படுத்துக்கினு இருக்கறவங்கதான் பயப்படல. யாரு பக்கத்துல ஆளு இல்லியோ அவங்ககிட்ட உக்காருவேன். போட்டோவத் தேடிக் காட்டுவேன். அவ்ளோதான். வூட்டுக்கு நடந்து போனவங்களும் நெறய பேரு இருக்காங்க. அவங்களுக்கு பெட்டி போவாதுல்ல, அதான் ஊருக்குத் தெரியல."

"சரி, எங்க மாமாவுக்கு ஏண்ணே போட்டீங்க? அவரு வார்டுல இல்லியே?"

"மூணு நாளா ஓபி வரிசைல தனியா குந்திக்கினு இருந்தாரு. தண்ணி குடிச்சா தொண்டையப் புடிச்சிக்கினாரு. நான் கிட்டப் போனா மனுசன் அங்கியே செத்துடுவாரு. அதான் தூரத்துல நின்னுக்கினு ஒண்ணு போட்டேன்."

பைக்கை நேராக விழுப்புரத்துக்கு விட்டேன். "மாமா, முண்டியம்பாக்கம் போனீங்களா?" என்று அத்தை எதிரிலேயே கேட்டேன். மீசையில் இருந்த கை தொண்டைக்குப் போனது. தொண்டையில் ஒரு கட்டி. கல்யாணம் முடியட்டும் என்று யாருக்கும் சொல்லாமல் மறைத்து வைத்திருக்கிறார். அத்தை அழுதார், திட்டினார், மறுநாளே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தார். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கல்யாணம்தான் மூன்று மாதம் தள்ளிப்போனது. மாமா இன்றைக்கும் மல்லாட்டை உருண்டையை, அதுதான் வேர்க்கடலை உருண்டையை, கடித்துக்கொண்டு என்னைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"அந்த மூணாவது சாவியப் புடுங்கு" என்றார் முதலாளி. ஒரே அமுக்கு, பழைய போன் வெளியே போய்விட்டது. மறுநாள் ஒன்றேகாலுக்கு ஐஸ்பெட்டி கூப்பிட்டார்.

"தம்பி, உள்ள போவ மாட்டேங்குது. இங்க ஒருத்தரு காத்துக்கினு இருக்காரு."

"பேரச் சொல்லுங்கண்ணே, நான் போடறேன்" என்றேன். கடையின் பெயரில் போடாமல் என் சொந்தப் பெயரில் போட்டேன். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. "பதினொண்ணாம் பெட்டு. ஏழுமலை. அண்ணன் பொண்ணு மஞ்சத்தண்ணி, ரெண்டாவது பந்தி, ஓரத்துல பச்ச சட்ட." நான் தேடிப் பிடித்துப் போடுவேன். காரணம் தெரிந்தும், ஒவ்வொரு முறையும் விரல் நுனி சில்லிட்டது. என் சொந்தக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக என்னை நட்புப் பட்டியலிலிருந்து தூக்கினார்கள். ஐந்து வருடம் இப்படியே ஓடியது.

ஒருநாள் ஒன்றேகாலுக்குக் கூப்பிட்டவரின் குரல் பஞ்சு போல இருந்தது.

"பதினாலாம் பெட்டு தம்பி. சவரிமுத்து."

"எந்த விசேஷம்ணே?"

"உன் கல்யாணம்தான். வாசப்பக்கம் எடுத்த போட்டோ. மாப்ள பொண்ணுக்குப் பின்னாடி ஒரு ஆளு நாற்காலி அடுக்கித் தூக்கிக்கினு போவாரு. மூஞ்சி தெரியாது. காலு மட்டும்தான் தெரியும்."

தேடிப் பிடித்தேன். என் கல்யாணப் படத்தை அதுவரை எத்தனை முறை பார்த்திருப்பேன், அந்தக் கால்களை நான் பார்த்ததேயில்லை.

"சவரிமுத்துன்னா யாருண்ணே இது?"

"நான்தான் தம்பி. ஒண்ணு போட்டு வுடு. என்னயும் ஒரு ஆளு நெனச்சிக்கினு இருக்குதுன்னு இருக்கட்டும்."

கட்டைவிரலைக் கொண்டுபோனேன். ஊரார் சொன்னதெல்லாம் பொய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்படியும் விரல் கீழே இறங்கவில்லை. போட்டால் போய்விடுவாரோ என்ற பயம், போடாவிட்டால் ஏமாந்துவிடுவாரே என்ற துக்கம். கடையை முதலாளி தலையில் கட்டிவிட்டு பைக்கை உதைத்தேன்.

பதினாலாம் கட்டிலில் அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "போட்டியா?" என்றார்.

"இல்லண்ணே."

"ஏன்?"

"ஆளே வந்துட்டேனே" என்று சொல்லிவிட்டு அவர் கட்டிலில் உட்கார்ந்தேன். ஐஸ் மாதிரி இருந்த அந்தக் கையை அன்று சாயங்காலம் வரை நான் விடவேயில்லை.